பழைய வயலின் யார் யார் கையில் இருந்தது? கைமாறிய வரலாற்றைத் தேடி எழுதும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பரணிலிருந்தோ டிரங்குப் பெட்டியிலிருந்தோ ஒரு பழைய வயலின் வெளியே வந்தால், எல்லோரும் முதலில் எஃப் வடிவத் துளை வழியாக எட்டிப் பார்த்து உள்ளே ஒட்டிய சீட்டைப் படிப்பார்கள். அதில் ‘ஸ்ட்ராடிவாரியஸ்’ (புகழ்பெற்ற இத்தாலிய வயலின் தயாரிப்பாளர் ஸ்ட்ராடிவாரியின் பெயர்) என்று இருந்துவிட்டால் அன்று மாலைக்குள் கோடிக்கணக்கில் விலை பேசப்படும். தேடலை அந்தச் சீட்டிலிருந்து தொடங்கக் கூடாது. இன்று வயலின் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் தொடங்கி ஒவ்வொரு கையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் இரண்டு சான்று தேவை. ஒன்று, கைமாறியதைச் சொல்லும் காகிதம் அல்லது நேரில் பார்த்தவரின் வாக்குமூலம். மற்றொன்று, அதில் சொல்லப்படுவது இதே வயலின்தான் என்று காட்டும் உடல் அடையாளம். ‘வயலின் ஒன்று, பெட்டியுடன்’ என்று மட்டும் எழுதிய ரசீது உலகத்தில் உள்ள எந்த வயலினுக்கும் பொருந்தும்.

யார் செய்தது என்பதும் யார் வைத்திருந்தார் என்பதும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு விடை கிடைக்காமலே இரண்டாவதை நன்றாக எழுதிவிட முடியும். நம் ஊர் வயலின்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாவதுதான் உண்மையான மதிப்பைத் தருகிறது.

துடைப்பதற்கு முன்

வயலினைத் துடைக்காதீர்கள். எண்ணெய் போடுவது, பாலிஷ் போடுவது, ஃபெவிகாலால் விரிசலை ஒட்டுவது எதுவும் வேண்டாம். வயலினைப் பிசின் கொண்டு ஒட்டுவது, பின்னாளில் மேற்பலகையைப் பிரித்துப் பழுது பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். தோல், எலும்பிலிருந்து எடுக்கும் அந்தப் பிசின் வெந்நீருக்கு இளகும். ஃபெவிகால் இளகாது, பிரிக்கும்போது மரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். மேசை நாற்காலிக்கு மெருகு போடுபவரிடம் கொடுத்தால் அவர் பழைய வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிட்டு அரக்குப் பாலிஷ் அடித்துவிடுவார். வயலினின் மேல் இருந்த தேய்மானத் தடயங்கள் அத்தனையும் அதோடு போய்விடும்.

அழுக்கும் ஒரு ஆவணம்தான். கர்நாடக சங்கீத வித்வான் தரையில் அமர்ந்து, வயலினின் அடிப்பகுதியை மார்பில் சாய்த்து, கழுத்தின் நுனியில் உள்ள சுருளை வலது கால் கணுக்கால் மேல் ஊன்றி வாசிப்பார். இப்படிப் பல ஆண்டு வாசித்த கருவியில் சுருளின் ஓரம், காலில் படும் பக்கம் மட்டும் மழுங்கி வார்னிஷ் போயிருக்கும். கமகத்துக்கு விரல் வழுக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெயோ விபூதியோ தொட்டுக்கொள்வதால், கழுத்தும் விரல் பதிக்கும் ஃபிங்கர்போர்டும் கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கும். தந்தியை முறுக்கும் பிருடைகள் இருக்கும் பிருடைப் பெட்டியின் பின்புறத்திலும் சுருளின் குழிகளிலும் சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து படிந்திருக்கும். மேற்கத்திய முறையில் வாசித்தவர் கையில் இருந்திருந்தால் தடயம் வேறு இடத்தில் இருக்கும். தந்திகளின் கீழ் முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸுக்கு இடப்பக்கம் தாடை பட்டு மேற்பலகை வெளுத்திருக்கும், தாடைத் தாங்கியின் கவ்விகள் விலாப்பலகையில் அழுத்திய இரட்டைத் தழும்பு தெரியும். இரண்டு வகைத் தடயமும் ஒரே வயலினில் இருந்தால், அது ஒரு காலத்தில் ஒரு ஐரோப்பியரிடமோ தேவாலயப் பாடகர் குழுவிலோ பட்டாளத்து இசைக்குழுவிலோ இருந்து, பிறகு ஒரு கர்நாடக வித்வானிடம் வந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இது காகிதத்தை எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதற்கான குறிப்புதான், ஆதாரம் ஆகாது. தொழிற்சாலையிலேயே பழசு போலத் தேய்த்து அனுப்பிய வயலின்களும் ஏராளம். அவற்றில் தேய்மானம் கை படாத இடங்களிலும் ஒரே சீராக இருக்கும்.

பிருடைப் பெட்டியைத் தனியாக ஒரு முறை பாருங்கள். நான்கு பிருடைத் துளைகளைத் தவிர மரக்கட்டை வைத்து அடைத்த கூடுதல் துளைகள் இருக்கின்றனவா? மைசூர் சௌடையா (1895–1967) ஏழு தந்தி வயலினைப் பிரபலப்படுத்தியபின், சாதாரண வயலினுக்குக் கூடுதல் பிருடை போட்டு ஐந்து தந்தி, ஏழு தந்தி ஆக்கிக்கொண்டவர்கள் உண்டு. பிறகு மீண்டும் நான்கு தந்திக்கே திரும்பியிருந்தால் அடைத்த துளை நிற்கும். மைசூர்ப் பாணியின் செல்வாக்கு ஓசூர் வழியாக இந்தப் பக்கமும் இருந்தது என்பதால் இதைத் தவறவிடக் கூடாது.

படமும் அளவும்

பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத திண்ணையிலோ ஜன்னல் அருகிலோ சாம்பல் நிறத் துணி விரித்துப் படம் எடுங்கள். முன்புறம், பின்புறம், இரண்டு பக்கவாட்டு, சுருளுக்கு நான்கு பக்கம். அருகில் போய் எடுத்தால் வடிவம் கோணலாகும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் மில்லிமீட்டர் ஸ்கேல் ஒன்று தெரியட்டும். பிறகு ஒவ்வொரு விரிசல், ஒட்டு, தழும்பு, முடிச்சு, பின்பலகை மேப்பிள் மரத்தின் வரிகள் எல்லாவற்றையும் அருகில் எடுங்கள். மர வரி இரண்டு வயலினில் ஒரே மாதிரி வராது. பழைய படத்தோடு ஒப்பிட இதுதான் உதவும். குதிரை (தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு), தந்தி, பிருடை, டெயில்பீஸ், தாடைத் தாங்கி எல்லாம் மாற்றக்கூடியவை, அவற்றை வைத்து அடையாளம் சொல்லக் கூடாது.

அளவில் முக்கியமானது பின்பலகையின் நீளம். கழுத்து சேரும் இடத்தில் உள்ள சிறு பொத்தான் போன்ற நீட்சியை விட்டுவிட்டு அளக்க வேண்டும். முழு அளவு வயலினில் அது 355 மி.மீ. அருகில் இருக்கும். மேல் அகலம் சுமார் 168, இடை சுமார் 110, கீழ் அகலம் சுமார் 208 மி.மீ. தையல் டேப்பை வளைவின் மேல் வைத்து அளந்தால் நீளம் கூடும். காலிப்பரால் அளந்தால் நேர்த்தூரம் வரும். எப்படி அளந்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதி வையுங்கள். பழைய சான்றிதழில் உள்ள அளவோடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபட்டால் அளந்த முறையின் வித்தியாசமாக இருக்கலாம். ஐந்து மில்லிமீட்டர் வேறுபட்டால் அந்தச் சான்றிதழ் வேறு ஒரு வயலினுடையது.

உள்ளே பார்ப்பது

மொபைலில் மாட்டும் 5.5 மி.மீ. எண்டோஸ்கோப் கேமரா எஃப் துளையின் கீழ் வட்டம் வழியாகப் போகும். விளக்குக்கு மெல்லிய கம்பியில் கோத்த சிறு எல்இடி சரத்தை உள்ளே விடலாம், சூடாகும் பல்பு கூடாது. இதற்காக எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் தளர்த்திவிடாதீர்கள். உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி தந்தியின் அழுத்தத்தால்தான் நிற்கிறது, அழுத்தம் போனால் விழுந்துவிடும்.

உள்ளே தேட வேண்டியவை: தயாரிப்பாளர் சீட்டு, கடைச் சீட்டு, பழுதுபார்த்தவர் சீட்டு, பென்சில் எழுத்து. கைமாறிய வரலாற்றுக்குத் தயாரிப்பாளர் சீட்டை விடக் கடைச் சீட்டும் பழுதுச் சீட்டும் நூறு மடங்கு பயனுள்ளவை. சென்னையில் 1842-இல் மிஸ்குவித் நிறுவனமாகத் தொடங்கிப் பின்னாளில் மியூசி மியூசிக்கல் ஆன கடை, கல்கத்தாவில் 1875-இல் தொடங்கிய துவார்க்கின் போன்ற கடைகளின் பெயர் இருந்தால், வயலின் இந்தியாவுக்குள் எந்த வாசல் வழியாக வந்தது என்பதற்குத் துப்பு கிடைத்துவிடும். பழுதுபார்ப்பவர்கள் மேற்பலகையைத் திறக்கும்போது அதன் உட்புறத்தில் பெயரும் தேதியும் பென்சிலால் எழுதும் வழக்கம் உண்டு. அது கேமராவுக்குப் பெரும்பாலும் அகப்படாது. என்றாவது பழுதுக்காகத் திறக்க நேர்ந்தால், மூடுவதற்கு முன் உட்புறம் முழுவதையும் படம் எடுக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ‘அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் க்ரெமோனென்சிஸ்’ சீட்டு. ஸ்ட்ராடிவாரி 1737-இல் இறந்தார். அவர் செய்து இன்று மிஞ்சியிருக்கும் கருவிகள் சுமார் 650. எல்லாமே ஏறக்குறையக் கணக்கில் உள்ளவை. அவர் பெயர்ச் சீட்டு ஒட்டிய வயலின்களோ லட்சக்கணக்கில் உள்ளன. ஜெர்மனியின் மார்க்நியூகிர்ஷென், பொஹீமியாவின் ஷோன்பாக், பிரான்ஸின் மிர்கூர் ஆகிய ஊர்களில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வீட்டுக்கு வீடு பாகம் பாகமாகச் செய்து, எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தார்களோ அந்தப் பெயரை ஒட்டி உலகம் முழுவதும் அனுப்பினார்கள். வாங்கியவருக்கு அது தெரிந்தே இருந்தது, ஏமாற்று வேலை இல்லை. சீட்டிலோ பின்பலகையிலோ நாட்டின் பெயர் இருந்தால் காலத்தைக் கணிக்கலாம். அயல்நாட்டுப் பொருளில் நாட்டின் பெயரைப் போட வைத்த சட்டங்கள் பிரிட்டனில் 1887-இலும் அமெரிக்காவில் 1890-இலும் வந்தவை. ‘செக்கோஸ்லோவாகியா’ என்று இருந்தால் 1918-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

சீட்டைக் கிழித்து வேறு ஒட்டலாம், கட்டுமானத்தை மாற்ற முடியாது. இந்த நான்கு அடையாளங்களைப் பாருங்கள்: உள் மூலைகளில் மரக்கட்டை இல்லை. மேற்பலகையின் உட்புறம் ஓடும் நீளக்கட்டை தனியாக ஒட்டப்படாமல் அதே பலகையில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஓரத்தில் ஓடும் கறுப்பு–வெள்ளை–கறுப்புக் கோடு மரத்தில் பதிக்கப்படாமல் மையால் வரையப்பட்டிருக்கிறது. சுருளின் பின்புறப் பள்ளம் அடிவரை போகாமல் பாதியில் நின்றுவிடுகிறது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் அது மலிவுத் தொழிற்சாலை வேலை என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். 1800-க்கு முந்திய வயலின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னாளில் நீளமான புதுக் கழுத்து பொருத்தினார்கள். அதனால் பிருடைப் பெட்டியின் கன்னத்தில் ஒட்டுக் கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பொய்யாகக் கீறிவைத்த வயலின்களும் உண்டு. கோட்டின் இரு பக்கமும் மர நார் தொடர்ந்து ஓடினால் அது வெறும் கீறல்.

மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தின் ஆண்டு வளையங்களை அளந்து காலம் சொல்லும் முறை இருக்கிறது. அது தருவது ஒரே ஒரு விஷயம்: கடைசி வளையம் எந்த ஆண்டைச் சேர்ந்ததோ அதற்கு முன் வயலின் செய்யப்பட்டிருக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள ‘மெசையா’ ஸ்ட்ராடிவாரியின் சீட்டு 1716. அதன் உண்மைத்தன்மை பற்றிச் சர்ச்சை எழுந்தபோது வளையங்கள் அளக்கப்பட்டன. கடைசி வளையம் 1680-களைச் சேர்ந்தது. சீட்டின் ஆண்டோடு அது முரண்படவில்லை, அவ்வளவுதான். உங்கள் வயலினில் மேலே சொன்ன தொழிற்சாலை அடையாளங்கள் இருந்தால் இந்தச் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

வீட்டாரிடம் கேட்பது

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டால், பெரியப்பா சொல்வதையே மற்றவர்களும் சொல்வார்கள். ‘தாத்தாவுக்கு இதை யார் கொடுத்தார்?’ என்று தொடங்குவதை விட, ‘இந்த வயலினை நீங்கள் முதலில் எந்த வீட்டில் பார்த்தீர்கள்? அப்போது யார் வாசித்தார்? பெட்டி என்ன நிறம்?’ என்று கேட்பது நல்லது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். அனுமதி பெற்றுக் குரலைப் பதிவு செய்யுங்கள்.

ஆண்டு நினைவில்லை என்பார்கள். ஊர் நிகழ்ச்சிகளைக் கேட்டால் ஆண்டு தானாக வரும். கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணை கட்டும்போதா அதற்கு முன்பா, தருமபுரி தனி மாவட்டம் ஆனதற்கு முன்பா பின்பா, எமர்ஜென்சியிலா, எந்த அக்காவின் கல்யாணத்துக்கு அடுத்தா என்று நெருக்கிக் கொண்டுவரலாம். கல்யாணத் தேதி பத்திரிகையில் இருக்கும்.

‘மகாராஜா கொடுத்தது’, ‘வெள்ளைக்காரத் துரை கொடுத்தது’ என்ற இரண்டும் அடிக்கடி கேட்கும் செய்திகள். திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் தஞ்சை வடிவேலுவுக்கு யானைத்தந்த வயலின் பரிசளித்தது போன்ற நிகழ்ச்சிகள் நடந்தவைதான். அதற்காக உங்கள் வீட்டுச் செய்தியைச் சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேர்த்துவிட முடியாது. ‘குடும்பச் செய்தி, சான்று இல்லை’ என்று குறித்து, யார் எந்தத் தேதியில் சொன்னார் என்பதோடு தனியாக வையுங்கள்.

காகிதம் எங்கே இருக்கும்

வயலின் பெட்டியில் தொடங்குங்கள். உள்துணியின் கிழிசலுக்குள், வில்லில் தேய்க்கும் ரோசினை வைக்கும் அறைக்குள், வில் மாட்டும் இடத்துக்குப் பின்னால் ரசீதுகள் சிக்கியிருக்கும். வெளியே ஒட்டிய ரயில் சாமான் சீட்டைப் பிய்க்காதீர்கள். மொரப்பூர்–தருமபுரி, திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறுகிய ரயில் பாதைகள் 1905, 1906 வாக்கில் வந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குள் பெயர்த்தெடுக்கப்பட்டன. கிருஷ்ணகிரி நகரத்துக்கு அதன்பின் ரயில் நிலையம் கிடையாது. ஆகவே சீட்டில் சேருமிடம் கிருஷ்ணகிரி என்று இருந்தால் பெட்டி எந்தக் காலத்தில் பயணித்தது என்பது உறுதியாகிவிடும். பெட்டி பயணித்தது என்றுதான் சொல்ல முடியும். ஒரு வயலினின் பெட்டியில் இன்னொரு வயலினை வைப்பது சர்வ சாதாரணம். வயலினின் உருவம் உள்துணியில் அழுந்திப் பதிந்திருக்கிறதா, குதிரை படும் இடத்தில் தேய்ந்திருக்கிறதா, இரண்டும் இந்த வயலினுக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து அடகுச் சீட்டு. 1943-இன் அடகுக்காரர் சட்டப்படி அடகு வைத்த பொருளின் விவரத்தோடு சீட்டு தர வேண்டும். வித்வான் குடும்பங்களில் கஷ்ட காலத்தில் வயலின் அடகுக்குப் போய் மீண்டது உண்டு. பழைய நகைச் சீட்டுகளோடு கலந்து கிடக்கும், எல்லாவற்றையும் பிரித்துப் பாருங்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்டுப் பயனில்லை. அது முதலாம் புத்தகத்தில் உள்ள நிலம், வீடு பற்றிய பதிவுகளை மட்டும் காட்டும். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில், அசையும் பொருள் பற்றிய மற்ற ஆவணங்கள் நான்காம் புத்தகத்தில் பதிவாகும். உயில் எழுதியவர் இறந்தபின் யார் விண்ணப்பித்தாலும் அதன் நகல் கிடைக்கும். நான்காம் புத்தக நகல், அந்த ஆவணத்தை எழுதிக் கொடுத்தவருக்கும் அதன் வழியே உரிமை உள்ளவருக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கும் மட்டும். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் கடைசி ஷெட்யூலைக் கட்டாயம் படியுங்கள். பாத்திரம், பீரோ, தையல் மிஷின் வரிசையில் ‘பிடில் 1’ என்று இருக்கும். வயலின் என்ற சொல்லை மட்டும் தேடினால் தவறிப்போகும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பழைய பத்திரங்கள் தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கலாம், படிக்கத் தெரிந்தவரை உடன் அழைத்துப் போங்கள்.

கச்சேரிக்குப் போன வயலின் என்றால் புகைப்படம்தான் எல்லாவற்றையும் விட வலுவான சான்று. கல்யாண ஆல்பங்களில் கச்சேரி மேடைப் படங்களைத் தேடி, படத்தை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, விரிசலும் தேய்மானத் திட்டும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். வானொலி ஒப்பந்தக் கடிதங்கள் (சென்னை நிலையம் 1938, திருச்சி 1939) வாசித்தவரைச் சொல்லும், வாசித்த கருவியைச் சொல்லாது. வாசித்தவரின் சீடர்கள் யாராவது இருந்தால், எந்த வயலின் என்பதை அவர்கள் பெரும்பாலும் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். கிருஷ்ணகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளியின் வயலின் ஆசிரியரிடம் கேட்டால் யார் யாருக்குச் சீடர் என்ற தொடர்பு பிடிபடலாம்.

ஐரோப்பியர் பெயர் ஏதாவது கிடைத்தால் மட்டும் தொலைதூர ஆவணங்களுக்குப் போங்கள். மத்திகிரியில் பட்டாளத்துக் குதிரைப் பண்ணை இருந்தது, ஓசூருக்கு நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர் கன்டோன்மென்ட். ஊர் திரும்பும் அதிகாரிகளும் இறந்தவர்களின் வாரிசுகளும் சாமான்களை ஏலம் போட்டார்கள். சென்னை மாகாணத்தில் இறந்த ஐரோப்பியர்களின் உயில்களும் சொத்துப் பட்டியல்களும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களிலிருந்து வந்த வயலின் என்றால் பங்குத்தந்தையிடம் பழைய பொருட்பட்டியலும் கணக்கும் இருக்கின்றனவா என்று கேட்கலாம். பெயர் எதுவும் இல்லாமல் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய் உட்காருவது வீண் அலைச்சல்.

காகிதம் உண்மையானதா

விலை பேசும் நேரத்தில் ‘கிடைக்கும்’ ரசீதுகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பொய்க் காகிதம் பெரும்பாலும் ஊர்ப்பெயரிலும் நாணயத்திலும்தான் மாட்டிக்கொள்ளும். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 2-10-1965, கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்தது 9-2-2004. 1958 தேதியிட்ட ரசீதில் ‘தருமபுரி மாவட்டம்’ என்றோ, 1990 தேதியிட்ட கடிதத்தில் ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்றோ இருந்தால் அது பின்னாளில் எழுதியது. ஆறு இலக்கப் பின்கோடு 15-8-1972-இல் வந்தது. 1-4-1957 வரை ரூபாய், அணா, பைசா. அதன்பின் 1964 வரை நயா பைசா. ‘தமிழ்நாடு’ என்ற மாநிலப் பெயர் அதிகாரபூர்வமானது 14-1-1969, அதற்கு முந்திய அரசு முத்திரைகளில் மெட்ராஸ்.

அச்செழுத்தையும் பாருங்கள். ‘லை’, ‘னை’ போன்றவற்றைத் துதிக்கை போல வளைத்து அச்சிட்டதும், ‘னா’, ‘றா’ ஆகியவற்றைச் சுழித்து அச்சிட்டதும் மாறியது 1978-இன் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்குப் பிறகு. பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் 1935-இலேயே புது வடிவத்துக்கு மாறிவிட்டது என்பதால், இயக்கத்து அச்சகத்தில் அடித்ததாக இருந்தால் இந்தச் சோதனை செல்லாது. 1950-இன் கடை ரசீதுத் தலைப்பு இன்றைய ‘லை’யோடு இருந்தால் மிகவும் சந்தேகப்பட வேண்டும். 1930 தேதியிட்டு பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தால் பேச்சே வேண்டாம். ஜெராக்ஸ் மட்டும் காட்டி, மூலம் வேறு இடத்தில் இருக்கிறது என்றால் மூலத்தைப் பார்க்கும்வரை அது சான்று இல்லை.

வெளிநாட்டு நிபுணரின் சான்றிதழ் இருந்தால், அதில் உள்ள புகைப்படத்தின் பின்பலகை வரியை உங்கள் வயலினோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நல்ல வயலினின் உண்மையான சான்றிதழை வேறு வயலினோடு சேர்த்து விற்பது பழைய மோசடி.

சங்கிலியை எழுதுவது

எப்படி எழுத வேண்டும் என்பதற்கு மேலே சொன்ன ‘மெசையா’வையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். ஸ்ட்ராடிவாரியின் மகன் பாவ்லோவிடமிருந்து 1775-இல் வயலின் சேகரிப்பாளர் கோசியோ பிரபு வாங்கினார். 1827-இல் அவரிடமிருந்து வயலின் வணிகர் லூயிஜி டாரிசியோ. 1854-இல் டாரிசியோ இறந்தபின், 1855-இல் பாரிஸின் வயலின் தயாரிப்பாளர் வியோம். பிறகு சில கைகள் மாறி, 1939-இல் லண்டன் ஹில் நிறுவனம் ஆஷ்மோலியனுக்குக் கொடுத்தது. யாரிடமிருந்து, யாருக்கு, எந்த ஆண்டு, எந்த வகையில் என்ற நான்கும் ஒவ்வொரு கண்ணிக்கும் இருப்பதைக் கவனியுங்கள்.

உங்கள் வயலினுக்கு அது இப்படி இருக்கலாம்:

‘1) இப்போதைய உரிமையாளர், தருமபுரி, 2011-இல் தந்தையிடமிருந்து வாரிசாக, வாரிசுச் சான்றிதழ், உடன்பிறந்தார் ஒப்புதல் கடிதம். 2) தந்தை, 1968-இல் பாலக்கோடு வித்வான் ஒருவரின் மனைவியிடமிருந்து விலைக்கு, கைப்பட எழுதிய ரசீது, அதில் “சுருளில் ஒட்டு உள்ளது” என்ற குறிப்பு, அந்த ஒட்டு இன்றும் இருக்கிறது. 3) வித்வான், 1949 கல்யாணக் கச்சேரிப் படத்தில் இதே வயலின், மேற்பலகை வலப்பக்க விரிசல் பொருந்துகிறது. 1949-க்கு முன்: தெரியவில்லை. குடும்பச் செய்தி: பெங்களூர் ஏலத்தில் வாங்கியது, சான்று இல்லை.’

‘தெரியவில்லை’ என்று எழுதத் தயங்காதீர்கள். இடைவெளியை நிரப்ப ‘இருக்கலாம்’ என்று எழுதிய வரியை அடுத்தவர் நகலெடுக்கும்போது ‘இருந்தது’ என்று ஆக்கிவிடுவார். இடைவெளிக்குள் திருட்டும் இருக்கக்கூடும். வயலின் கலைஞர் ஹூபர்மானின் 1713 ஸ்ட்ராடிவாரி 1936-இல் நியூயார்க் கார்னகி ஹாலில் அவருடைய அறையிலிருந்து களவு போனது. அது கைக்கு வந்த ஜூலியன் ஆல்ட்மன் அதைப் பல பத்தாண்டுகள் வெளிப்படையாகவே வாசித்துவந்து, 1985-இல் சாகும் தறுவாயில்தான் உண்மையைச் சொன்னார். 1980-இல் களவு போன ‘ஏம்ஸ்’ ஸ்ட்ராடிவாரி 2015-இல்தான் மீண்டது. விலை உயர்ந்த வயலினை வாங்குபவர், களவுபோன கலைப்பொருள் பட்டியல்களிலும், டாரிசியோ ஏல நிறுவனம் நடத்தும் கோசியோ தரவுத்தளத்திலும் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். விற்பவருக்கு இல்லாத உரிமை பொதுவாக வாங்குபவருக்கு வராது என்பது 1930-இன் சரக்கு விற்பனைச் சட்டத்தின் விதி.

இன்று நடக்கும் கைமாற்றத்தை ஒழுங்காக எழுதுவது சுலபம், யாரும் செய்வதில்லை. அளவுகள், சீட்டின் வாசகம், விரிசல்களின் இடம், நான்கு புகைப்படம், விலை, தேதி, இரு தரப்புக் கையெழுத்து, இரண்டு சாட்சி. புகைப்படத்தின் மேலும் கையெழுத்து விழ வேண்டும். அன்பளிப்பு என்றால் அசையும் பொருளைக் கையில் ஒப்படைத்தாலே செல்லும், ஆனாலும் கடிதம் எழுதி வாங்குங்கள். உயில் இல்லாமல் இறந்தவரின் வயலின் என்றால் எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். ஓர் அத்தையை விட்டுவிட்டால் பின்னால் விற்பனை நின்றுவிடும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் முன்

நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள் 1972-இன் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்துக்குள் வரக்கூடும். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. மதிப்பீட்டுக்காகக்கூட வயலினை லண்டனுக்குப் பார்சல் போடாதீர்கள். முதலில் படங்களையும் அளவுகளையும் மட்டும் மின்னஞ்சலில் அனுப்புங்கள், பெரும்பாலான வயலின்களுக்கு அந்தக் கட்டத்திலேயே பதில் வந்துவிடும். நூறு ஆண்டுக்கு உட்பட்டது என்று நம்பினால், கையோடு எடுத்துப் போவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்தில் தொல்பொருள் அல்ல என்ற சான்று பெற வேண்டும். நீங்கள் தயாரித்த கைமாற்றுக் கோப்பு அங்கேயே முதல் முறை உதவும்.

வில்லுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். வில் வேறு, வயலின் வேறு, இரண்டும் ஒன்றாக வந்தவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய வில்லின் நுனியில் உள்ள வெள்ளைத் தகடு எலும்பா யானைத்தந்தமா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். எலும்பில் பொடிப் பொடியான கறுப்புப் புள்ளிகள் தெரியும். தந்தம் என்றால் விற்பதும் வாங்குவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். நல்ல வில்களின் பெர்னாம்புகோ மரமும் 2007 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. எனவே கோப்பில் வில்லின் எடை, முத்திரையிட்ட பெயர், நுனித் தகடு, பிடிக்கட்டையின் பொருள் ஆகிய நான்கையும் படத்தோடு எழுதி, வயலினின் சங்கிலியோடு கலக்காமல் வையுங்கள்.